சுண்டெலி வழி

ஜூன் 4

சுண்டெலி, இன்றைக்குச் சுரங்கத்தைப் பெருக்கி முடித்தேன். நாளைக் காலையில் பூட்டிவிடுவார்கள். பராமரிப்பு வேலை முடிந்துவிட்டது, இனி காந்தத்தை எல்லாம் போட்டு, குழாய்க்குள் பீமை, அதுதான் கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள் கற்றையை, விடுவார்களாம். பீம் ஓடும்போது உள்ளே ஈ காக்கை நுழையக் கூடாது. அடுத்த பராமரிப்பு வரும்வரை எனக்கு மேலே வராந்தாவும் கன்ட்ரோல் ரூமும்தான்.

வட்டமான சுரங்கம். எங்கே பெருக்க ஆரம்பித்தாலும் அங்கேயே வந்து நிற்கும். நடுவில் உன் குழாய், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மஞ்சள் காந்தம், நீலக் காந்தம். நான் துடைப்பத்தோடு பின்னால் நடக்க, நீ முன்னால் போகிற மாதிரியே இருந்தது. சந்து பொந்து விடாமல் நுழைந்து வருவாயே. அதைப் பார்த்துத்தானே ஒருநாள் கன்ட்ரோல் ரூமில் அத்தனை பேர் முன்னாலும் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி "சுண்டெலி" என்று கூப்பிட்டுவிட்டேன். அன்றிலிருந்து அங்கேயும் உனக்கு அதுதான் பெயர். எத்தனை நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாய்.

உன் இரும்புக் கட்டியை எட்டாம் பகுதியில் வைத்துவிட்டேன்.

கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. காந்தம் செய்யும்போது வெட்டி எறிந்த துண்டு என்று பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாயே, அதுதான். பேப்பர் பறக்காமல் இருக்க, கதவு அடிக்காமல் இருக்க, எல்லாவற்றுக்கும் அதையே வைப்பாய். பாதி நாள் கன்ட்ரோல் ரூமுக்கும் பையில் போட்டுக்கொண்டு போவாய். நேற்று கதவோரம் கிடந்த அதில் உன் அப்பா கால் விரலை இடித்துக்கொண்டார். அதைச் சாக்காக வைத்து அழுதார். நீ போனபிறகு அந்த மனுஷன் அழுது நான் பார்த்தது அப்போதுதான். "இதை என் கண்ணு முன்னாடி வைக்காத" என்றார். தூக்கிப்போட எனக்குக் கை வருமா? உன் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் பளபளவென்று ஆகியிருக்கிறது.

எட்டாம் பகுதிதானே உன்னை ரொம்பப் படுத்தியது. "என் உயிரை வாங்குற எட்டு" என்பாய், ஆனால் முகம் சிரிக்கும். அங்கே மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில், குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சந்து இருக்கிறது. அதில் செருகினேன். பூட்டுவதற்கு முன்னால் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஆள் யாராவது இருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். சந்துக்குள் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்.

நீ சந்தோஷமாக இருந்த இடத்தில் உன்னுடையது ஒன்று இருக்கட்டும்.

ஜூன் 5

பூட்டிவிட்டார்கள். மணி அடித்தது, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஜூன் 10

பீம் குழாய்க்குள் நிலைத்து நிற்கவில்லையாம்.

கன்ட்ரோல் ரூம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் நாற்காலியில் உன் சிநேகிதி, நீ கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தவள், உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்தால் எனக்கு வலிப்பதில்லை, உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள். பீமை உள்ளே விட்டார்கள். திரையில் கோடு மேலே போனது, கொஞ்ச நேரத்தில் சரிந்து விழுந்தது. மறுபடி விட்டார்கள். மறுபடி விழுந்தது.

"சுண்டெலி வழியைத்தானே போட்டிருக்கு?" என்று உங்கள் மேலதிகாரி பெரியவர் கேட்டார். "அதேதான் சார்" என்றாள் கண்ணாடி.

நீ கடைசியாகத் திருத்தி வைத்துவிட்டுப் போன வழிக்கு அதுதான் பெயராம். திரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். எனக்குத் தெரியாதே. நீ சொல்லவே இல்லையே. என் கையில் துடைப்பான் அப்படியே நின்றுவிட்டது.

நீ ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் பாசிமணியை உருட்டிக் காட்டினாய், நினைவிருக்கிறதா. மணி விளிம்போடு சுற்ற வேண்டும், கீழே விழக் கூடாது. தட்டை இம்மி இம்மியாகச் சாய்த்துக்கொண்டே இருந்தாய். "பீம் இப்படித்தாம்மா. குழாய்க்கு நடுவுல போகணும். ஓரம் போனா சுவத்துல இடிச்சுச் செத்துடும். வழியெல்லாம் மீட்டர் இருக்கு, இங்க இடது பக்கம் தள்ளிப் போகுது, இங்க மேல போகுதுன்னு சொல்லும். நாங்க சின்னச் சின்னக் காந்தத்தைக் கூட்டிக் குறைச்சு நடுவுக்குக் கொண்டுவரணும். ஆனா ஒண்ணைத் தொட்டா அத்தனையும் அசையும்." நான், "நம்ம வீடு மாதிரின்னு சொல்லு" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் மணி உருண்டு அடுப்புக்கு அடியில் போய்விட்டது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஜூன் 12

இன்றும் நிற்கவில்லை.

ஜூன் 13

எட்டாம் பகுதியில்தான் தகராறாம். "அங்க யாரோ பீமைக் கையால பிடிச்சுத் தள்ற மாதிரி இருக்கு" என்று கண்ணாடி பெரியவரிடம் சொன்னாள். காந்தம் சரியாக இருக்கிறதாம், கரண்ட் சரியாக இருக்கிறதாம். சுற்றியிருக்கிற சின்னக் காந்தங்களை எவ்வளவு முறுக்கினாலும் போதவில்லையாம்.

எனக்குப் பயம் இல்லை. உன் கட்டி அங்கேதானே இருக்கிறது. மனசுக்குள் அதனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள் என்று.

ஜூன் 14

என்ன பேச்சு பேசறாங்க சுண்டெலி. நான் அங்க நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா? துடைக்கறவளுக்குக் காது இல்லையா?

அந்தச் சுருட்டைத்தலை ஆபரேட்டர், சிரிச்சுக்கிட்டே, "எலி வாலைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கோம்"ங்கறான். கூட இருந்தவன் சிரிக்கறான். அப்புறம் பெரியவர் சொல்றார், "கடைசியா எட்டைத் திருத்தினது அவதான். காய்ச்சலோட உக்காந்து திருத்தியிருக்கா. ரொம்ப நேரம் ஓட்டிப் பார்க்கறதுக்குள்ள பராமரிப்புக்கு நிறுத்திட்டோம். அங்கதான் இப்ப தப்பு. பாவம், சொல்லவும் முடியல."

பாவமா? சொல்லவும் முடியலையா? சொல்லிட்டீங்களே!

வாளியைத் தரையில் ஒரு போடு போட்டேன். தண்ணீர் எல்லார் செருப்பிலும் தெறித்தது. கண்ணாடி எழுந்து வந்து, "வாங்கம்மா, வெளிய போலாம்" என்றாள். நான் போகவில்லை. தெறித்த தண்ணீரை நானே துடைத்தேன். நான்தானே துடைக்க வேண்டும்.

அன்றைக்கு உனக்கு உடம்பு கொதித்தது. லீவு போடு என்று சொன்னேன். "எட்டை முடிச்சுட்டு வந்து படுத்துக்கறேம்மா" என்றாய். வந்து படுத்தாய். அப்புறம் ஆஸ்பத்திரி. அப்புறம் ஒன்றுமில்லை. நீ உசிரைக் கொடுத்து முடித்த வேலையை இவர்கள் தப்பு என்கிறார்கள்.

தப்பாக இருக்குமோ?

இதை எழுதின கை விளங்குமா.

ஜூன் 16

வேலைக்குப் போகவில்லை. உன் துணியைத் துவைக்கலாம் என்று எடுத்தேன். துவைக்காமலே மடித்து வைத்துவிட்டேன்.

ஜூன் 19

பெரியவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"எம்பொண்ணு தப்பு பண்ணிட்டான்னு சொல்றீங்களாமே."

"அப்படிச் சொல்லலம்மா. எட்டுல ஒரு மீட்டர் பொய் சொல்லுதுன்னு அவ ஒதுக்கிட்டா. மத்த மீட்டரை நம்பிப் பீமைத் திருப்பிட்டா. ஒதுக்கின மீட்டர் உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"இருக்கலாம்னா? சொல்லுச்சா இல்லையா?"

"தெரியலம்மா. ஆனா பீம் நிக்க மாட்டேங்குதே. வேற எதுவும் தப்பா இல்ல. மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"மூணு வருஷம் ராப்பகலா உக்காந்தவ சார் அவ."

"எனக்குத் தெரியாதா? நான்தான் அவளை வேலைக்கு எடுத்தேன்." அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது. கல் மனசுக்காரர் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. "திங்கட்கிழமை அந்த வழியை அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கப் போறோம். வெளியூர்லேர்ந்தெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க வந்து காத்துக்கிட்டிருக்காங்க. ஏன் தாமதம்னு மேலிடத்துக்கு நான் எழுதிக் கொடுக்கணும்."

"எழுதிக் கொடுக்கறதுல எம்பொண்ணு பேர் வருமா?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருமா சார்?"

"பழைய வழி தப்புன்னு எழுதணும்மா. யார் போட்ட வழின்னு கேப்பாங்க இல்ல?"

காலில் விழலாம் என்று நினைத்தேன் சுண்டெலி. முட்டி மடங்கவே ஆரம்பித்துவிட்டது. நீ பார்த்தால் கத்துவாய் என்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். "அவளையே அழிச்சாச்சு. பேரையாவது விட்டுவைங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வராந்தா வரைக்கும் வந்தப்புறம்தான் துடைப்பானை அங்கேயே விட்டுட்டு வந்தது தெரிஞ்சுது. திரும்பிப் போய் எடுக்கவும் வேண்டியிருந்தது. அவர் அதே டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார்.

ஜூன் 20

உன் அப்பாவிடம் சொன்னேன். டிவியைப் பார்த்துக்கொண்டே, "அழிச்சா அழிக்கட்டும். புள்ளையே போயிடுச்சு, வழி இருந்தா என்ன, போனா என்ன" என்றார்.

"நீங்க அப்பாதானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் டிவியை அணைத்தார். "அவ தப்பே பண்ணியிருக்கட்டுமே. நமக்கு அதனால அவ குறைஞ்சுடுவாளா?" என்றார்.

எனக்குக் குறையாது. ஆனால் அந்த ரூமில் இருக்கிறவர்களுக்கு? நாளைக்கு உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே இருக்கும்? எலி, காய்ச்சல், தப்பு.

ஜூன் 21

இன்னும் சனி, ஞாயிறு. அப்புறம் திங்கள். கட்டியே, நீயாவது ஏதாவது செய்யேன்.

ஜூன் 22

எப்படி எழுதுவேன். பேனா நிற்க மாட்டேன் என்கிறது.

காலையில் கண்ணாடி வீட்டுக்கு வந்தாள். உன் பழைய பேப்பரை எல்லாம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், நீ ஏன் அந்த மீட்டரை ஒதுக்கினாய் என்று எங்காவது எழுதியிருப்பாய் என்றாள். திங்கட்கிழமைக்குள் எதையாவது பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்கும் வெறி. மெலிந்துபோயிருக்கிறாள். தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மின்விசிறியைப் போட்டேன். அத்தனையும் பறந்தது. ரெண்டு பேரும் அலமாரிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் பொறுக்கினோம். ரொம்ப நாள் கழித்துக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

"அந்த இரும்புக் கட்டி எங்கம்மா? அதை வச்சா பறக்காது" என்றாள்.

நான் பெருமையாகச் சொன்னேன் சுண்டெலி. பெருமையாக. "அது இங்க இல்ல கண்ணு. அவ இடத்துலயே வச்சுட்டேன். எட்டாம் பகுதில."

"எட்டாம் பகுதின்னா... மேல வராந்தாலயா?"

"இல்லம்மா, உள்ள. குழாய்ப் பக்கத்துல. சுரங்கம் பூட்டறதுக்கு முன்னாடி."

அவள் கையிலிருந்த பேப்பரை மெதுவாகக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். "எந்த இடம்னு சொல்லுங்க." சொன்னேன். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

காந்தத்துக்குப் பக்கத்தில் அவ்வளவு இரும்பு இருந்தால் காந்தத்தின் இழுப்பே கோணிப்போகுமாம். பீம் அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு தள்ளு வாங்குமாம். அவர்கள் இத்தனை நாளாகத் தேடுகிற அந்தக் கை—

என் கை.

அங்கே இரும்பு கொண்டுபோகக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். காந்தம் போட்டிருக்கும்போது ஆளுக்கு அடிபடும், அதற்காக என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் எல்லாம் அணைந்து கிடந்ததே. பீமுக்கு வலிக்கும் என்று எனக்கு யார் சொன்னது? நீ சொல்லியிருப்பாய். நான் காதில் வாங்காமல் சோறு போட்டிருப்பேன்.

உன்னைத் தப்பு சொல்ல வச்சது நான்தானா? நானேதானா? அவங்க உன்னைத் திட்டத் திட்ட நான் அந்தக் கட்டிகிட்டயே வேண்டிக்கிட்டிருந்தேனே! அது உள்ள உக்காந்துகிட்டு, ஒவ்வொரு சுத்துக்கும் உன் பீமைத் தள்ளிக்கிட்டு... ஐயோ, நான் என்னடி பண்ணிட்டேன்.

கண்ணாடி கிளம்பும்போது சொன்னாள்: "யார் வச்சதுன்னு சொல்ல வேண்டாம்மா. எப்படியாவது திறக்க வச்சு, உள்ள ஒரு இரும்பு கிடந்துச்சு, எடுத்துட்டோம்னு நான் சொல்லிடறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"அந்தக் கட்டியை அங்க எல்லாருக்கும் தெரியுமே. யாருதுன்னு கேட்டா?"

அவள் மாட்டின செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

உன்னுடையது என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலில் மறந்து விட்டுவிட்டுப் போனாள் என்பார்கள். ஒரு தப்பை எடுத்துவிட்டு இன்னொன்றை உன் தலையில் வைப்பார்கள். அந்த வேலை எனக்கு வேண்டாம்.

ஜூன் 24

சொல்லிவிட்டேன்.

கன்ட்ரோல் ரூமிலேயே, எல்லாரும் இருக்கும்போது. அழிப்பதற்கு உட்கார்ந்திருந்தார்கள். தனியாகச் சொன்னால் என்னைக் காப்பாற்றுகிறேன் என்று பெரியவர் மூடி மறைத்துவிடுவாரோ என்று பயம். "எட்டாம் பகுதில எம்பொண்ணோட இரும்புக் கட்டியை வச்சது நான். அவ இல்ல. அவ போனதுக்கு அப்புறம் வச்சேன். என் அறியாமைதான்" என்றேன். சுருட்டைத்தலைதான், "அடக் கடவுளே, அந்தக் கட்டியா!" என்று எழுந்துவிட்டான்.

பெரியவர் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். "காந்தத்தை அணைங்க, திறங்க" என்று மட்டும் சொன்னார்.

என்னை உள்ளே விடவில்லை. கண்ணாடிதான் போய் எடுத்துவந்தாள். நான் செருகின இடத்தில் அது இல்லையாம். காந்தம் போட்டதும் தன் பக்கம் இழுத்துக்கொண்டதாம், முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு இருந்ததாம். அணைத்த பிறகும் லேசில் விடவில்லை, ஒரு காலை ஊன்றிப் பிடுங்க வேண்டியிருந்தது என்றாள். அப்படியே உன் பிடிவாதம்.

கட்டியை என் கையில் கொடுத்தார்கள். சூடாக இருந்தது, கண்ணாடி கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த சூடு.

ஜூன் 25

சுண்டெலி வழியைப் போட்டார்கள். வேறு எதையும் தொடவில்லை.

கோடு மேலே போனது. நான் வராந்தாவில் நின்று கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எப்போது விழும் எப்போது விழும் என்று பார்த்தேன். விழவில்லை. அவர்கள் டீ குடித்தார்கள். விழவில்லை. சுருட்டைத்தலை வெளியே வந்தான். என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான். "நிக்குதும்மா. அந்த மீட்டர் நிஜமாவே பொய்தான் சொல்லுது. சரியாத்தான் ஒதுக்கியிருக்கா" என்றான். பிறகு, "எலின்னு சொன்னதுக்கு மன்னிச்சுடுங்க" என்றான்.

"அது நான் வச்ச பேருதான்" என்றேன்.

ஜூன் 28

இனி எனக்கு அந்தக் கட்டிடத்தில் வேலை இல்லை. மேலிடத்து உத்தரவாம். அலுவலகக் கட்டிடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலையை விட்டே தூக்காமல் இருக்கப் பெரியவர் ரொம்பப் போராடினார் என்று கண்ணாடி சொன்னாள். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று எழுதியதில் என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். உன் பெயர் இல்லை. அதற்கு அவரைக் கை எடுத்துக் கும்பிட வேண்டும்.

ஆனால் அடுத்த பராமரிப்பில் சுரங்கத்தை வேறு யாரோ பெருக்குவார்கள். இனி உன் பின்னால் நடக்க முடியாது. அழக்கூட வரவில்லை.

ஜூலை 3

அலுவலகக் கட்டிடத்தில் எல்லாம் நேர் வராந்தா. ஒரு முனையில் ஆரம்பித்தால் இன்னொரு முனையில் சுவர். திரும்பி வர வேண்டியிருக்கிறது.

ஜூலை 11

கண்ணாடி வந்தாள். நாலு நாள் மழையில் தரை ஊறி ஒரு முடி அளவு தூக்கிவிட்டதாம், பீம் ஓரம் போக ஆரம்பித்துவிட்டதாம். அவள் உட்கார்ந்து திருத்தினாளாம். தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே அவ போட்ட வழி அப்படியே சரிப்படாதும்மா. புதுசாத்தான் வச்சிருக்கேன். பழசை அழிக்கல. ஆனா ஓடறது புதுசுதான்" என்றாள். நான் கத்துவேன் என்று பயந்திருப்பாள் போல.

"அவ இருந்திருந்தாலும் திருத்தியிருப்பா இல்ல?" என்று கேட்டேன்.

"தினமும் திருத்தியிருப்பாம்மா. அதுதானே எங்க வேலை."

அவளுக்குச் சோறு போட்டேன். ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கட்டி இப்போது பழைய இடத்தில், கதவோரம்தான் இருக்கிறது. உன் அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். இப்போதெல்லாம் அவர் அதில் இடித்துக்கொள்வதில்லை. கையில் டம்ளரோடு, பேப்பரைப் படித்துக்கொண்டே வந்தாலும், அந்த இடம் வந்ததும் கால் தானாக விலகிச் சுற்றிப் போகிறது. இன்று மத்தியானம் பார்த்தேன், என் காலும் அப்படித்தான் போகிறது. நேரே போக இடம் இருக்கிறது, கட்டியை ஒரு ஓரமாக நகர்த்தி வைத்தால் போதும். ரெண்டு பேரும் நகர்த்தவில்லை.

வீட்டுக்குள் நடக்கிற நடையே கோணிப்போயிருக்கிறது சுண்டெலி. வழியெல்லாம் பார்த்துத் திருத்துகிறவள் நீதானே, நீயே சொல்லு. இதைத் திருத்தணுமா, இப்படியே விட்டுடலாமா?